பயறும் பாஸ்தாவும் ஒரே பானையில்

இத்தாலிய உணவு என்றவுடன் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது பீட்சாவும், சீஸ் வழியும் பாஸ்தாவும்தான். விளம்பரப் பலகைகள் அந்த நாட்டை நமக்கு அப்படித்தான் அறிமுகப்படுத்தியிருக்கின்றன. ஆனால் இத்தாலியின் உழவர் வீடுகளில், குளிர்கால இரவுகளில், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது வேறொன்று. ஊறவைத்த பயறு, கொஞ்சம் காய்கறி, பயறு வெந்த நீரிலேயே வேகும் ஒரு பிடி சிறு பாஸ்தா. இவ்வளவுதான். இதற்குப் பெயர் 'பாஸ்தா எ ஃபஜோலி'. பாஸ்தாவும் பயறும் என்பதே அதன் பொருள். பெயரில் எந்த அலங்காரமும் இல்லை. பானைக்குள் என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

நான் மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியை. மிலான் நகரில் ஒரு முதிய தம்பதியரின் வீட்டில் பல ஆண்டுகள் பணி செய்து ஊர் திரும்பிய அயல்வீட்டு அக்காவிடமிருந்தே இந்தச் சூப்பை நான் கற்றேன். இலங்கையிலிருந்து, குறிப்பாக நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் பகுதிகளிலிருந்து, ஏராளமானோர் இத்தாலிக்குத் தொழில் தேடிச் சென்றுள்ளனர். அவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது வீடுகளிலும் சமையலறைகளிலும்தான். ஆகவே இத்தாலியரின் வீட்டுச் சாப்பாட்டை உணவகத்துக்குப் போகாமலே அறிந்த பலர் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரிடம் கற்றதையும், பின்னர் வாசித்து அறிந்ததையும், வகுப்பில் மாணவிகளோடு சமைத்துப் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பயறு வந்த வழி

இன்று இத்தாலியர் இந்தச் சூப்புக்குப் பெரும்பாலும் 'போர்லோத்தி' என்ற விதையைப் பயன்படுத்துகின்றனர். வெளிர் நிறத் தோலில் செந்நிறக் கோடுகள் ஓடும் அழகான விதை அது. நாம் சந்தையில் காய்கறியாக வாங்கும் போஞ்சியும் இந்தப் போர்லோத்தியும் ஒரே இனச் செடியைச் சேர்ந்தவை. பிஞ்சாகப் பறித்தால் காய், முற்றவிட்டு உலர்த்தினால் விதை.

இந்தச் செடியின் தாயகம் இத்தாலி அன்று, அமெரிக்கக் கண்டம். கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின்னரே அது ஐரோப்பாவை அடைந்தது. பாப்பரசர் ஏழாம் கிளமெந்திடமிருந்து கிடைத்த விதைகளைப் பியெரியோ வலேரியானோ என்ற அறிஞர் 1532 அளவில் வட இத்தாலியின் பெல்லூனோ பகுதிக்குக் கொண்டுசென்று விதைக்கச் செய்தார் என்று அப்பகுதியினர் கூறுகின்றனர். அந்த மலைப் பகுதியிலுள்ள லாமோன் என்ற ஊரின் விதைகள் இன்றும் பெயர் பெற்றவை. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது.

அப்படியானால் அதற்கு முன்பு இத்தாலியர் எந்தப் பயற்றை உண்டார்கள்? இந்தக் கேள்விக்கான விடை என் மாணவிகளை வியக்க வைத்தது. அவர்கள் உண்டது நம்முடைய கௌபி! ஆபிரிக்காவில் தோன்றிய கௌபி பழங்காலத்திலேயே மத்தியதரைக்கடல் நாடுகளுக்குப் பரவிவிட்டது. உரோமர்கள் தங்கள் பயற்றுக்கு வழங்கிய இலத்தீன் பெயரே பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த புதிய விதைக்கும் சூட்டப்பட்டது. வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் பெயரையும் எடுத்துக்கொண்ட கதைதான்.

அன்னிபாலே கராச்சி என்ற ஓவியர் 1585 அளவில் வரைந்த 'பயறு உண்பவர்' என்ற ஓவியம் உரோம் நகரின் கொலொன்னா கலைக்கூடத்தில் இருக்கிறது. வைக்கோல் தொப்பி அணிந்த ஓர் உழைப்பாளி மேசையில் அமர்ந்திருக்கிறார். முன்னால் ஒரு கிண்ணம் நிறையப் பயறு, ரொட்டி, வெங்காயத் தாள். வாயருகே கொண்டுபோன கரண்டியிலிருந்து சாறு சொட்டுகிறது. அந்தக் கிண்ணத்தில் இருப்பது கறுப்புக் கண் கொண்ட பழைய பயறுதான் என்று பலர் கருதுகின்றனர். அரசர்களையும் புனிதர்களையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில், பயறு உண்ணும் ஒரு சாதாரண மனிதரை ஓவியத்துக்கு உரியவர் என்று ஒருவர் எண்ணியிருக்கிறார்.

எனவே போர்லோத்தி கிடைக்காத நம் ஊரில் கௌபியைக் கொண்டு இந்தச் சூப்பைச் செய்தால், அதைப் 'போலி' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியின் இன்னும் பழைய பானைக்கு நாம் திரும்பிப் போகிறோம், அவ்வளவுதான்.

பாஸ்தா வந்த வழி

உலர்ந்த பாஸ்தாவின் வரலாற்றில் நாம் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரொஜர் மன்னனுக்காக அல் இத்ரீஸி என்ற முஸ்லிம் புவியியல் அறிஞர் உலக வரைபடமும் அதற்கு விளக்கமாக ஒரு பெரிய நூலும் ஆக்கினார். 1154இல் நிறைவு பெற்ற அந்நூலில், பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்ற ஊரைப் பற்றிய குறிப்பு வருகிறது. அங்கே 'இத்ரிய்யா' எனும் மாப்பண்டம் பெருமளவில் செய்யப்படுகிறது என்றும், கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது என்றும் அவர் எழுதியுள்ளார். கடற்பயணம் தாங்கியது என்றால் அது உலர்ந்த பண்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இத்தாலியில் பாஸ்தா ஒரு தொழிலாகவே நடந்ததைச் சொல்லும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று.

அந்த அரபுச் சொல் இன்னும் முற்றாக மறையவில்லை. தென் இத்தாலியின் சலெந்தோ பகுதியில் 'சீச்செரி எ த்ரியா' என்றொரு உணவு உண்டு. 'சீச்செரி' என்பது கடலை, 'த்ரியா' என்பது இத்ரிய்யாவின் தேய்ந்த வடிவம். பயற்றுக்குப் பதிலாகக் கடலையும் பாஸ்தாவும் சேரும் அந்த உணவு, நாம் பேசும் சூப்புக்கு நெருங்கிய உறவு.

ஊருக்கு ஊர் ஒரு பானை

நம் ஊர்களில் மீன் குழம்பு வீட்டுக்கு வீடு மாறுவது போல, இத்தாலியில் இந்தச் சூப்பும் ஊருக்கு ஊர் மாறும். வடக்கே வெனெத்தோ பகுதியில் பயற்றின் ஒரு பங்கை மசித்து, களி போன்ற வழுவழுப்பான சாறாக்கிவிடுவர். தொஸ்கானாவில் வெள்ளை விதையும், உள்ளியும், ரோஸ்மேரி என்ற வாசனை இலையும் சேரும். தெற்கே நாப்போலியில் கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகச் செய்வார்கள். அங்கு இதற்கென்றே 'கலப்புப் பாஸ்தா' உண்டு. முன்னாளில் மளிகைக் கடைகளின் பெட்டிகளின் அடியில் உடைந்தும் எஞ்சியும் கிடக்கும் பல வடிவப் பாஸ்தாவை ஒன்றாய் அள்ளி மலிவாக விற்பார்கள். ஏழைகள் அதை வாங்கிப் பயற்றோடு வேகவைத்தார்கள். இன்று தொழிற்சாலைகள் வேண்டுமென்றே பல வடிவங்களைக் கலந்து, அழகான பைகளில் அடைத்து விற்கின்றன. உடைசலுக்கும் ஒரு காலம் வரும்!

முஸ்லிம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுக்கு இங்கே விடை சொல்லிவிட வேண்டும். பல இத்தாலியச் சமையற் குறிப்புகள் இந்தச் சூப்பில் பன்றிக் கொழுப்பையோ தோலையோ சேர்க்கச் சொல்கின்றன. அதை விட்டுவிட்டால் சூப்பின் உயிர் போய்விடுமா? போகாது. கத்தோலிக்கர் இறைச்சி தவிர்க்கும் நாள்களுக்காக இத்தாலியிலேயே இறைச்சியில்லாச் சமையல் ஒன்று நெடுங்காலமாக வளர்ந்துள்ளது. அந்த நாள்களில் பயறே இறைச்சியின் இடத்தைப் பிடித்தது. ஆகவே இறைச்சியில்லாத பாஸ்தா எ ஃபஜோலி ஒரு மாற்று ஏற்பாடு அன்று. அதற்கெனத் தனி மரபே உண்டு. இறைச்சிச் சாறு வேண்டுமென்போர் மாட்டெலும்பையோ கோழியெலும்பையோ பயற்றோடு போட்டு அவிக்கலாம்.

சீஸ் விடயத்திலும் கவனம் வேண்டும். இத்தாலியர் இதன் மேல் துருவும் பார்மிஜானோ சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் என்ற நொதியத்தால் பாலை உறையவைத்துச் செய்யப்படுவது. ஆகவே ஹலால் சான்றுள்ள சீஸ் கிடைத்தால் மட்டும் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் ஒரு குறையும் இல்லை. நாப்போலியில் இதைச் சீஸ் தொடாமலே உண்பவர்கள் பலர்.

பயறு இல்லாத வீடுகளில் நடந்தது

இத்தாலியில் பயற்றை 'ஏழைகளின் இறைச்சி' என்று சொல்வார்கள். இது வெறும் அலங்காரச் சொல் அன்று என்பதை நிரூபித்த துயர வரலாறு ஒன்று அந்நாட்டில் உண்டு.

அமெரிக்காவிலிருந்து பயற்று விதை வந்தது போலவே சோளமும் வந்தது. வட இத்தாலியில் சோளம் நன்றாக விளைந்தது. நிலமற்ற உழவர்களுக்கு அதுவே மலிவான உணவாயிற்று. சோள மாவைக் களியாகக் கிண்டி, காலையும் மாலையும் அதையே உண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களிடையே ஒரு நோய் பரவியது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்துத் தடித்து உரியும், வயிற்றோட்டம் வரும், பின்னர் புத்தி பேதலிக்கும், முடிவில் உயிர் போகும். 1771இல் மிலானைச் சேர்ந்த மருத்துவர் பிரான்செஸ்கோ பிராப்போலி இந்நோயைப் பற்றி எழுதியபோது, உழவர் வழங்கிய பெயரையே பயன்படுத்தினார். 'பெலாக்ரா', அதாவது கரடுமுரடான தோல்.

கெட்டுப்போன சோளத்திலுள்ள நஞ்சே காரணம் என்று பல அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். தொற்று நோய் என்றார்கள் வேறு சிலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இந்நோய் பரவியபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அதை ஆராய முன்வந்தார். 1914இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், பெலாக்ரா மலிந்திருந்த இரண்டு அனாதை இல்லங்களில் அவர் செய்த மாற்றம் மிக எளியது. பிள்ளைகளின் சாப்பாட்டில் பால், முட்டை, இறைச்சி, பயறு, பட்டாணி ஆகியவற்றைச் சேர்த்தார். நோய் அகன்றது. இது தொற்றும் அன்று, நஞ்சும் அன்று. உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது தெளிவாயிற்று. 1937இல் கொன்ராட் எல்வேஜெம் அந்தக் குறை என்ன என்பதைக் கண்டறிந்தார். அது நயாசின் என்ற உயிர்ச்சத்து.

சோளத்தில் நயாசின் இருந்தாலும் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கிறது. உடல் தானாக நயாசினை ஆக்கிக்கொள்ளத் தேவையான திரிப்தோபன் என்ற அமினோ அமிலமும் சோளத்தில் குறைவு. பயற்றில் இரண்டுமே உண்டு. ஒரு கைப்பிடிப் பயறு பானைக்குள் விழுந்த வீட்டுக்கும் விழாத வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு என்பதை இதிலிருந்து உணரலாம்.

'மட்டும்' என்ற சொல்

வகுப்பில் உணவுக் குறிப்பேடு எழுதச் சொல்வது என் வழக்கம். முதல்நாள் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். சிலர் வாசிக்கும்போது குரல் தாழ்ந்துவிடும். "ராவைக்கு கௌபி மட்டும்தான் டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. இன்னொருத்தி சத்தமாக, "கேஎப்சி" என்றாள். வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதினேன். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாள்களில் எத்தனை வீடுகளில் இறைச்சி நின்றது, பால்மா நின்றது என்பது நமக்குத் தெரியும். அப்போது பயறும் பருப்பும்தான் பல வீடுகளைத் தாங்கின. தாங்கிய உணவைப் பற்றிச் சொல்லும்போது நம் பிள்ளையின் குரல் ஏன் தாழ வேண்டும்? இந்தச் சூப்பை வகுப்பில் சமைக்க நான் முடிவு செய்தது அதனால்தான்.

கோதுமையில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது தாராளம். பயற்றில் மெதியோனீன் குறைவு, கோதுமையில் அது உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. சோறும் பருப்பும் நம் பீங்கானில் செய்யும் வேலையும் இதுவே. கீழே தரும் அளவில் சமைத்தால், பயற்றிலிருந்தும் பாஸ்தாவிலிருந்தும் மொத்தம் ஏறத்தாழ 75 கிராம் புரதம் கிடைக்கும். ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 12 கிராமுக்கு மேல். வளரும் ஒரு பெண்பிள்ளையின் ஒரு நாள் தேவையில் இது கால் பங்குக்கும் அதிகம்.

பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிக அவசியம். பயற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. விற்றமின் சீ கூட இருந்தால் உறிஞ்சும் அளவு கூடும். அதனால் சூப்பை இறக்கியபின் கிண்ணத்தில் தேசிக்காய்ப் புளி சில துளி விடுவது நல்லது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது நம்மவர் வழக்கம். தேயிலையிலுள்ள சில பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெற்றோரே, தேநீரை ஒரு மணி நேரம் பின்தள்ளுங்கள். செலவே இல்லாத மருந்து இது.

தேவையான பொருட்கள்

ஆறு பேருக்கான அளவு இது. கௌபி அல்லது சிவப்புப் போஞ்சி விதை 250 கிராம். சிறு பாஸ்தா 150 கிராம். மக்கரோனி போதும், ஸ்பகெட்டி இருந்தால் விரற்கடை அளவு துண்டுகளாக உடைத்துக்கொள்ளலாம். பெரிய வெங்காயம் 1, கரட் 1, இலையோடு செலரித் தண்டு 2, உள்ளி 4 பல், நன்கு பழுத்த தக்காளி 3, செத்தல் மிளகாய் 1, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். ரோஸ்மேரி கிடைத்தால் ஒரு சிறு கொத்து.

ஒலிவ் எண்ணெய் விலை கூடியது. வதக்குவதற்கு வீட்டிலுள்ள மரக்கறி எண்ணெயைப் பயன்படுத்தி, இறக்கிய பின் ஒரு தேக்கரண்டி ஒலிவ் எண்ணெயை மேலே விட்டால் மணம் முழுதாகக் கிடைக்கும். கொதிக்கவைத்து அந்த மணத்தை இழக்க வேண்டியதில்லை. றம்பையும் கறிவேப்பிலையும் இதற்கு வேண்டாம். சேர்த்தால் சுவையான வேறொரு சூப் கிடைக்கும், ஆனால் அது இத்தாலியரின் சூப் ஆகாது.

செய்முறையும் காரணமும்

முதலாவது, ஊறவைத்தல். பயற்றைக் கழுவி, நிறைய நீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். அந்த நீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போடலாம். பயற்றின் தோலைக் கெட்டியாகப் பிடித்திருப்பது கல்சியம். உப்பிலுள்ள சோடியம் அதன் இடத்தைப் பிடித்துத் தோலை மென்மையாக்கும். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் போன்ற சுண்ணக்கல் நிலப் பகுதிகளில் கிணற்று நீர் கடினமானது. அங்கே பயறு வேக நேரமெடுப்பதற்கும் அந்தக் கல்சியமே காரணம். அப்படிப்பட்ட நீராயின் அவிக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்க்கலாம். காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் கழுவுங்கள்.

இரண்டாவது, அவித்தல். பயற்றை ஒன்றரை லீற்றர் புதிய நீரில் போட்டு அவியுங்கள். ஊறிய கௌபி சாதாரணப் பானையில் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். போஞ்சி விதைக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் எரிவாயு மிச்சம். விரலிடையில் வைத்து அழுத்தினால் முழுவதும் மசிய வேண்டும். வெந்த நீரை ஊற்றிவிடாதீர்கள். அதுதான் சூப்.

சிவப்புப் போஞ்சி விதையைப் பயன்படுத்துவோர் இந்த எச்சரிக்கையை மறக்கக் கூடாது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருக்கும் அவ்விதையில் லெக்டின் வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள் உண்டு. நாலைந்து விதை உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரக்கூடும். நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதிய நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டால் அது அழிந்துவிடும். எரிவாயுவை மிச்சம் பிடிக்க எண்ணித் தொடக்கத்திலிருந்தே இளஞ்சூட்டில் வைப்பது ஆபத்தானது. முதலில் கொதி, பின்னர்தான் இளந்தீ.

மூன்றாவது, வதக்கல். வெங்காயம், கரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்குங்கள். இந்த மூன்றையும் எண்ணெயில் வதக்கி எடுக்கும் அடிப்படையை இத்தாலியர் 'சொப்ரித்தோ' என்பர். நம் தாளிதம் சூடான எண்ணெயில் நொடிப்பொழுதில் வெடித்து முடிவது. சொப்ரித்தோ அதற்கு நேர்மாறு. மெல்லிய தீயில், பொறுமையாக, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதங்க வேண்டும். வெங்காயம் கண்ணாடி போலாகி இனிப்பு மணம் வரும், சிவக்கக் கூடாது. கடைசியில் நசுக்கிய உள்ளி, செத்தல் மிளகாய், ரோஸ்மேரி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள்.

நான்காவது, தக்காளி. பொடியாக நறுக்கி வதக்கலில் சேர்த்து, கரைந்து எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். தக்காளியைப் பயறு வெந்த பிறகே சந்திக்க விடவேண்டும். இதை வகுப்பில் இரண்டு பானைகளில் சோதித்தோம். ஒன்றில் பயறும் தக்காளியும் தொடக்கத்திலேயே ஒன்றாகச் சேர்ந்தன. மற்றதில் பயறு வெந்த பின்னரே தக்காளி சேர்ந்தது. முதற் பானையின் பயறு, மற்றது வெந்து முடிந்த பிறகும் பல்லுக்கு முரடாகவே நின்றது. புளிப்பு, பயற்றின் உயிரணுச் சுவர்களைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. "புளியக் கடைசியில விடு எண்டு உம்மம்மா செல்லுறது இதுக்குத்தான்" என்றாள் ஒரு மாணவி. காரணம் தெரியாமலே நம் மூத்தோர் கடைப்பிடித்த விதியைப் பாட நூல் பின்னால் வந்து விளக்குகிறது.

ஐந்தாவது, மசித்தல். வெந்த பயற்றில் மூன்றிலொரு பங்கை எடுத்து மத்தால் மசித்து, மீண்டும் பானையில் சேருங்கள். பயற்றிலுள்ள மாப்பொருள் நீரில் கலந்து, பாலோ கிறீமோ இல்லாமலே சாற்றைக் கெட்டியாக்கும். பிறகு வதக்கலைச் சேர்த்து, உப்பு மிளகு பார்த்து, பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

ஆறாவது, பாஸ்தா. தனியாக அவித்து நீரை வடித்துச் சேர்ப்பது சிலர் வழக்கம். அப்படிச் செய்தால் பாஸ்தா விடும் மாப்பொருள் வடிநீரோடு போய்விடும். சூப்பிலேயே போட்டு வேகவிடுங்கள். அடி பிடிக்காதபடி அகப்பையால் அடிக்கடி கிளறவேண்டும். வற்றினால் சுடுநீர் ஊற்றலாம். பைக்கற்றில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்து, மூடிவைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மிச்ச வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

வகுப்பில் முதற் கரண்டி சுவைத்த மாணவி, "டீச்சர், இது நோன்புக் கஞ்சி மாதிரி ஈக்கி!" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அரிசிக்குப் பதில் கோதுமை, இறைச்சிக்குப் பதில் பயறு. ஆனால் ஒரு பானையில் பலவற்றைக் கரைத்து, பலர் பசியை ஆற்றும் எண்ணம் ஒன்றே. 'கௌபி மட்டும்தான்' என்று சொன்ன பிள்ளை அன்று இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினாள். அடுத்த வாரக் குறிப்பேட்டில், "இரவு: கௌபி, பாண்" என்று எழுதியிருந்தாள். 'மட்டும்' என்ற சொல் அதில் இல்லை.

மறுநாளைக்கு

இந்தச் சூப் மறுநாள் இன்னும் சுவைக்கும் என்று இத்தாலியர் சொல்வார்கள். ஆனால் பாஸ்தா இரவு முழுவதும் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் பானையில் சூப் இராது, களிதான் இருக்கும். சுடுநீர் விட்டு இளக்கிச் சூடாக்கினால் போதும். மறுநாளைக்கென்றே சமைப்பதாயின் பாஸ்தா சேர்க்கும் முன் பாதியை எடுத்துவைத்து, சூடாக்கும்போது புதிதாகப் பாஸ்தா சேர்க்கலாம். நம் வெக்கையில் அதை வெளியே விட்டுவைக்கக் கூடாது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, உண்ணும்போது நன்கு கொதிக்கவைக்க வேண்டும்.

விடுதியில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு போகும்போது உம்மாவுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து இதைச் சமைத்துப் பாருங்கள். முதல்நாள் இரவே கௌபியை ஊறவைத்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் மற்ற வேலைகளுக்கெல்லாம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்.